ஒரு கிராம் கரியில் இருபத்தேழு செண்ட்

தான் செய்ததைத் தானே சந்தேகப்படும் வழக்கம் தீபலட்சுமிக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கணக்குப் பரீட்சையில் விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்த பிறகும் தாளைத் திருப்பி, முதல் வரியிலிருந்து மறுபடி போட்டுப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ஆராய்ச்சி செய்கிறவளுக்கு இது நல்ல வழக்கம்தான் என்று அவளுடைய பேராசிரியை ரேணுகாதேவி சொல்வதுண்டு. அப்படிப்பட்டவள் ஒரே ஓர் இடத்தில் பார்க்கத் தவறினாள். தன் ஆராய்ச்சியின் முக்கியமான அளவை அவள் மூன்று முறை எடுத்தாள். மூன்று முறையும் ஒரே சாக்கிலிருந்து எடுத்த கரி.

அது அவளுடைய ஊர்க் கரி. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பாதையில் பிரிந்து உள்ளே போகிற ஊர். அப்பா தனுஷ்கோடிக்கு ஆறு ஏக்கர் மானாவாரி நிலம். அதில் நாலு ஏக்கரைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டு பல வருடமாகிறது. இரண்டு ஏக்கரில் கம்பும் உளுந்தும் விதைப்பார். மீதியை மரத்துக்கு விட்டுவிட்டார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த மரத்தை வெட்டி, அடுக்கி, இலைதழை போட்டு மூடி, மேலே ஈரமண் பூசி நெருப்பு வைப்பார்கள். காற்றுப் போகாமல் நாலைந்து நாள் புழுங்கினால் விறகு கரியாகும். அதற்கு மூட்டம் என்று பெயர். அப்பாவின் மரத்தை வாங்கி மூட்டம் போடுகிறவன் தீபலட்சுமியின் அத்தை மகன் மாரீஸ்வரன். அவளைவிட ஐந்து வயது மூத்தவன்.

பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாறினாள். அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போனபோதும் ஆங்கிலம் அவளுக்கு இரவல் செருப்புப் போலத்தான் இருந்தது. அப்போது தொடங்கியது இரட்டைக் குறிப்பு. நோட்டின் இடப்பக்கத்தில் தான் கண்டதைத் தமிழில் எழுதுவாள். வலப்பக்கத்தில் அதையே ஆங்கிலத்தில், ஆசிரியர் பார்ப்பதற்குத் தகுந்த மாதிரி எழுதுவாள். மதுரைக்கு வந்து பல்கலைக்கழக ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு வருடமான பிறகும் அந்த வழக்கம் போகவில்லை.

அவளுடைய வேலையை ஊரில் கேட்டவர்களுக்கு அவள் இப்படிச் சொல்வாள். வெயிலில் வரும் மின்சாரத்தை அப்படியே பிடித்து வைக்க முடியாது. ஆனால் அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து அடைத்து வைக்கலாம். பொழுது சாய்ந்த பிறகு அந்த ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் ஃபியூல் செல் என்ற கருவிக்குள் விட்டால், இரண்டும் சேர்ந்து திரும்பத் தண்ணீராகும். ஆகும்போது மின்சாரம் கொடுக்கும். இதில் ஆக்சிஜன் வேலை செய்கிற பக்கம் பிளாட்டினம் தடவ வேண்டும். அந்தச் செலவில்தான் எல்லாம் நின்றுபோகிறது. பிளாட்டினத்துக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கரியைத் தடவினால் என்ன?

இதற்காகத் தேங்காய்ச் சிரட்டை, நெல் உமி, பருத்திமார் எல்லாம் பார்த்துத் தோற்றவள், ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஊருக்குப் போயிருந்தபோது, மாரீஸ்வரன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த சாக்குகளில் ஒன்றை இழுத்துப் பிரித்து இரண்டு கிலோ எடுத்து வந்தாள். அரைத்து, நைட்ரஜன் ஓடும் உலையில் தொள்ளாயிரம் டிகிரியில் வைத்து, அமிலத்தில் கழுவி அளந்தபோது, ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் துளைகளின் பரப்பு ஆயிரத்து நூறு சதுர மீட்டர் என்று வந்தது. வேறொன்றும் சேர்க்காத வெறும் கரியில் அவ்வளவு வந்து அந்த ஆய்வகத்தில் யாரும் பார்த்ததில்லை. ஃபியூல் செல்லில் தடவியபோது பிளாட்டினத்துக்குச் சற்றுத்தான் குறைவாக இருந்தது.

அன்று ஊருக்குப் போன் செய்தவள், சதுர மீட்டரைச் செண்ட்டாக மாற்றிச் சொன்னாள். அங்கே நிலத்தை அப்படித்தான் அளப்பார்கள்.

"ஒரு கிராம் கரிக்குள்ள இருபத்தேழு செண்ட் எடம் இருக்கு மச்சான்."

"அடேயப்பா. பத்திரம் யாரு பேர்ல இருக்கு?" என்றான் மாரீஸ்வரன்.

சீமைக்கருவேல மரத்தின் அமைப்பே இந்தத் துளைகளுக்குக் காரணம் என்று கட்டுரை எழுதி, வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயமும் அதுதான். மற்ற மூன்றும் அதற்கு ஏறிவந்த படிகள்.

ஆவணி மாதக் கடைசியில் பதில் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா அளவும் ஒரே மூட்டத்துக் கரியில் எடுத்தவை போலத் தெரிகிறது. தனித்தனி மூட்டங்களில் செய்த கரியிலும் இதே அளவு வருகிறதா? அறுபது நாளுக்குள் காட்டவும்.

நியாயமான கேள்வி. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். மாரீஸ்வரனுக்குப் போன் செய்து, "எனக்குன்னு தனியா ஒரு சின்ன மூட்டம் போடுங்க மச்சான். இது யுனிவர்சிட்டிக்குப் போறது. நல்லாச் சுத்தமா இருக்கணும்" என்றாள்.

கரி வந்தது. முன்பு வந்ததைவிடப் பளபளவென்று, தட்டினால் கணீரென்று சத்தம் வருகிற கரி. அரைத்து, உலையில் வைத்து, கழுவி அளந்தாள்.

பத்து செண்ட்.

மறுபடி அளந்தாள். பத்து செண்ட். ஃபியூல் செல்லில் தடவிப் பார்த்தாள். பாதி மின்சாரம்கூட வரவில்லை.

அடுத்த பன்னிரண்டு நாள் அவள் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். தராசைச் சரிபார்த்தாள். உலையின் வெப்பமானியைப் பக்கத்து ஆய்வகத்து வெப்பமானியோடு வைத்துப் பார்த்தாள். நைட்ரஜன் உருளையை மாற்றினாள். புது அமிலப் புட்டி உடைத்தாள். விடுதியில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, போன வருடம் தான் எழுதிய எண்களை நோட்டில் விரலால் தடவிக்கொண்டிருப்பாள், மை அழிந்து வேறு எண் ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பது போல. அந்த எண்கள் அவள் கையெழுத்தில்தான் இருந்தன. ஆனால் கருவி எல்லாம் சரியாக இருந்தால், போன வருடம் வந்தது என்ன? தூக்கக் கலக்கத்தில் எடையை மாற்றி எழுதினாளா? மூன்று முறையுமா?

சில வருடத்துக்கு முன்பு வேறொரு துறையில் ஒருவருடைய கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அவர் ஏமாற்றினாரா, தவறிவிட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் பெயரைச் சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வது மட்டும் தீபலட்சுமிக்குத் தெரியும்.

ஆய்விதழின் பதில் வந்த இருபத்திரண்டாம் நாள் ரேணுகாதேவி அவளைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தீபா, மறுபடி வரலைன்னா, முதல் தடவை வந்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"நீங்க மேடம்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ பொய் எழுத மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரியும்னு நான் கடிதத்துல எழுத முடியாதே. காரணத்தைக் கண்டுபிடி. இல்லைன்னா கட்டுரையை நாமளே திருப்பி வாங்கிக்கலாம். அந்த அத்தியாயத்தை எடுத்துட்டு என்ன மிஞ்சுதுன்னு பார்க்கலாம்."

என்ன மிஞ்சும் என்று இருவருக்கும் தெரியும்.

கருவிகளில் குற்றம் இல்லை என்றால் கரியில்தான் குற்றம். அப்படி யோசித்தபோது அவளுக்கு வந்த முதல் சந்தேகம், மாரீஸ்வரன் வேறு யாருடைய மூட்டத்துக் கரியையோ கொடுத்துவிட்டான் என்பது. அந்த நினைப்பு வந்ததற்கு வெட்கப்பட்டாள். ஆனால் அதற்குமேல் நினைக்க வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலை, மிஞ்சியிருந்த இரண்டாம் கரியைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். காரியாபட்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், பையை எட்டிப் பார்த்தாள்.

"என்னத்தா, கரியா? தேய்ப்புப் பெட்டிக்கா?"

"ஆமாம்மா" என்றாள் தீபலட்சுமி.

"மதுரையிலருந்தா எங்க ஊருக்குக் கரி கொண்டு போற?" என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

திருச்சுழியில் இறங்கி ஊர் பஸ் பிடித்துப் போனபோது மணி பதினொன்று. மாரீஸ்வரன் மூட்டம் போடும் இடம் ஊருக்கு மேற்கே, அவர்களுடைய போர்க்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்று லோடு போகிற நாள். சாக்குகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அவன் இடுப்புக்கு மேலே கருப்பாக, சாக்கு வாயைத் தைத்துக்கொண்டிருந்தான். மனைவி பேச்சி கரித்தூளைச் சலித்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தா டாக்டரு. பட்டம் குடுத்துட்டாகளா, இல்ல இன்னும் படிக்கத்தான் செய்றியா?"

"மச்சான், எனக்குன்னு குடுத்தீகளே ஒரு கரி, அது எந்தக் காட்டு வெறகு?"

"மாமா காட்டு வெறகுதான். ஏன்?"

"வேற மரம் எதுவும் கலந்துருச்சா?"

"இந்த ஊர்ல வேற மரம் எங்க இருக்கு? இருந்தா நிழலுக்கு நின்னுருக்க மாட்டமா?"

அவள் சிரிக்கவில்லை. பையைத் தரையில் வைத்து வாயைத் திறந்து காட்டினாள். "வேற மூட்டத்துக் கரி மாறி வந்துருக்குமோன்னு கேக்குறேன்."

அவன் கையிலிருந்த கோணி ஊசி நின்றது.

"மாறி வந்துருக்குமோன்னு கேக்குறியா, மாத்திக் குடுத்தியாடான்னு கேக்குறியா?"

"மச்சான், நான்..."

"ரெண்டு கிலோ கரியில ஒன்ன ஏமாத்தி நான் மாடி வீடு கட்டப்போறேனாக்கும். லோடு கெடக்க, ஆளுகள நாளைக்கு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, ஒனக்குன்னு தனியா எடம் ஒதுக்கி, பச்ச வெறகு ஒண்ணு விடாமப் பொறுக்கி வெளிய எடுத்துட்டுப் போட்டேன். கேளு, இவளக் கேளு."

"ஏத்தா, இவுக மேல சத்தியமா அது ஒன் மூட்டந்தான்" என்றாள் பேச்சி, சல்லடையை வைத்துவிட்டு எழுந்து. "என்னாச்சு? கரி சரியில்லயா? நானே பாத்துப் பாத்துல்ல அள்ளுனேன்."

"நல்ல கரிதான் அக்கா. ஆனா மொதக் கரி மாதிரி இல்ல. அது ஏன்னு தெரியல. தெரியலன்னா..." வெயிலில் நின்றுகொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கையில் கரி இருந்ததால் கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. அதைப் பார்த்தபோது மாரீஸ்வரனுக்குக் கோபம் போய்விட்டது. ஆனாலும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கைத் தைத்தான்.

அப்போது பேச்சியின் வெள்ளாடு வந்தது. தரையில் வைத்திருந்த துணிப்பைக்குள் மூக்கை விட்டு முகர்ந்தது. விட்டுவிட்டு நாலடி தள்ளி அடுக்கியிருந்த லோடு சாக்குக்குப் போய், அதன் அடிப்பக்கத்தைக் கருத்தாக நக்கத் தொடங்கியது.

"சூ, சனியன். சாக்கு நைஞ்சு போகுது" என்று பேச்சி குச்சியை ஓங்கினாள்.

"இருங்கக்கா. அடிக்காதீக." தீபலட்சுமி ஆட்டையே பார்த்தாள். அது ஒரு சாக்கை விட்டு அடுத்த சாக்குக்குப் போனது. அதையும் நக்கியது. "ஏன் நக்குது?"

"உப்புக்குத்தான். இந்தப் போர்த்தண்ணிதான் வாயில வைக்க வழங்காதே. மூட்டத்தப் பிரிச்சதும் அதத்தான ஊத்தி அணைக்கிறோம். காஞ்சா சாக்குல வெள்ளையாப் பூத்துரும். ஆட்டுக்கு அதுல ஒரு ருசி."

"எனக்குன்னு போட்டீகளே, அதுல?"

"ஒன் கரிக்குப் போய் அந்தத் தண்ணிய ஊத்துவனா?" பேச்சியின் குரலில் பெருமை இருந்தது. "சுத்தமா இருக்கணும்னு நீதான சொன்ன. கொழாத்தண்ணி ஊத்துனேன். குடிக்கிற தண்ணி. பதினோரு கொடம்."

அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். வீட்டுக்குப் பன்னிரண்டு குடம் பிடித்தால் பெரிய காரியம்.

மாரீஸ்வரன் ஊசியோடு நிமிர்ந்தான். "அன்னைக்குக் கஞ்சிக்குத் தண்ணி இல்லன்னு அடுத்த வீட்டுல வாங்குனியே, அது இதுக்குத்தானா?"

"ஒங்க மாமன் மக படிப்புக்குத்தான ஊத்துனேன். வேற எவ வீட்டுக்கும் ஊத்தலையே."

தீபலட்சுமி லோடு சாக்கின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. துணிப்பையில் ஒரு துண்டைத் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒன்றுமில்லை. மனதுக்குள் ஏதோ சரிந்து உட்கார்ந்தது போலிருந்தது. கனன்று கிடக்கும் கரி உப்புத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். அதை மறுபடி தொள்ளாயிரம் டிகிரியில் வைத்தால் அந்த உப்பு கரியை அரித்துத் துளை போடும். கடைசியில் அமிலத்தில் கழுவும்போது உப்பு போய்விடும். துளை மட்டும் இருக்கும். கழுவிய பிறகு பார்த்தால் உப்பு இருந்த அடையாளமே தெரியாது. அவள் கழுவிய பிறகுதான் பார்த்திருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சிக்குப் பயம் வந்துவிட்டது. "நான் கெடுத்துட்டனா தாயி?"

"இல்லக்கா. நான்தான் கேக்கல." ஒரு கேன் கேட்டு வாங்கிக்கொண்டு போர்க்குழாய்ப் பக்கம் போனாள்.

அன்று மாலையே ஆய்வகத்துக்குத் திரும்பினாள். ஒரு கேனில் போர்த் தண்ணீரும், ஒரு பையில் லோடுக் கரியும் கொண்டு வந்திருந்தாள். முதல் வேலையாக, ஒன்றரை வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தாள். வலப்பக்க ஆங்கிலத்தில் ஊர், மரம், எடை, தேதி மட்டும் இருந்தன. இடப்பக்கத் தமிழில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: 'சாக்கு நசநசவென்று இருக்கிறது, வெயிலில் போட்டும் காயவில்லை.' உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கண்டதை எழுதியிருந்தாள். முக்கியமில்லை என்று மறுபக்கத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டிருந்தாள்.

அந்த வரியைக் காட்டியபோது ரேணுகாதேவி அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "ஆடு நக்குச்சுன்னு நான் பதில் எழுத முடியாது" என்றார். ஆனால் அவர் குரல் முன்னைவிட இளகியிருந்தது.

பேச்சியின் சுத்தமான கரியைப் போர்த் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, உலையில் வைத்து அளந்தாள். பதினேழு செண்ட். பத்துமில்லை, இருபத்தேழுமில்லை. பாதி வழியில் நின்ற இந்த எண் அவளை முன்னைவிட அதிகம் பயமுறுத்தியது. ஆறின கரிக்குள் தண்ணீர் ஆழமாக இறங்காமல் இருக்கலாம். அல்லது அவள் நினைப்பதே தவறாக இருக்கலாம். லோடுக் கரியை அளக்கலாம். ஆனால் அது எந்தக் காட்டு மரம், எத்தனை நாள் வெந்தது, எவ்வளவு தண்ணீர் என்று ஒன்றும் தெரியாது. தெரியாத கரியை நம்பித்தானே இங்கே வந்து நிற்கிறாள். கண் முன்னால் போட்டு, கண் முன்னால் அணைத்த கரி வேண்டும். அறுபதில் அது இருபத்தெட்டாம் நாள்.

மாரீஸ்வரனுக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, "என்ன, இப்ப எதத் திருடுனேன்?" என்றான்.

"மச்சான், நான் கேட்டது தப்பு."

"சரி, சொல்லு."

"ரெண்டு சின்ன மூட்டம் வேணும். தனித்தனியா. நானும் வந்து கூடவே இருக்கேன். ரெண்டுக்கும் உப்புத்தண்ணிதான்."

"புரட்டாசி முடியுது. மேகம் எறங்குது. இப்ப எவன் மூட்டம் போடுவான்?" பிறகு, "சரி வா. ஆனா வெறகு நீயும் தூக்கணும்."

விறகு தூக்கினாள். இரண்டு மூட்டமும் ஒரு நாள் இடைவெளியில் எரியத் தொடங்கின. தினமும் காலையில் போய் உட்கார்ந்து புகையைப் பார்த்தாள். வெள்ளையாகத் திரண்டு வரும் புகை மெலிந்து நீலமாக மாறினால் கரி வெந்துவிட்டது என்று அர்த்தம். அவள் மணி பார்த்து எழுதுவாள். வாளியில் கோடு போட்டுத் தண்ணீரை அளந்து வைப்பாள்.

"கரிக்கு லிட்டர் கணக்குப் பாக்குற மொத ஆளு நீதான்" என்றான் மாரீஸ்வரன்.

அந்த நாட்களில் ஊர் முழுக்க ஒரே பேச்சு, மழை. முதல் மழையை நம்பி விதைத்த கம்பு முளைத்து, விரல் உயரத்தில் வாடி நின்றது. மாரீஸ்வரனுக்கே மூன்று ஏக்கர் விதைப்பு. பேச்சி சல்லடையைப் போட்டுவிட்டு அடிக்கடி கிழக்கே பார்ப்பாள். தீபலட்சுமியும் பார்ப்பாள். மழை நல்ல தண்ணீர். அணைத்த கரியை நனைத்தால் உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். எரிகிற மூட்டத்தின் மண்ணைக் கரைத்தால் அதுவும் போகும். இன்னொரு முறை போட நாள் இல்லை. ஊரே எதிர்பார்க்கிற ஒன்று வந்துவிடுமோ என்று அவள் ஒருத்தி மட்டும் பயந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவின் உளுந்தும் அந்த மழைக்குத்தான் காத்திருந்தது.

"மழை வரக் கூடாதுன்னு வேண்டிக்கிறியாக்கும்" என்றாள் பேச்சி, ஒரு நாள்.

"இல்லக்கா."

"மொகத்துல எழுதியிருக்கு. வேண்டிக்க. எங்க பயிருக்கு நாங்க வேண்டிக்கிறோம். எது பலிக்குதுன்னு பாப்போம்."

ஐந்தாம் நாள் மதியம் முதல் மூட்டத்தைப் பிரித்தார்கள். மாரீஸ்வரன் மண்ணை விலக்க, பேச்சி அளந்து வைத்த போர்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். கரி சீறியது. ஆவி முகத்தில் அடித்தது. மூன்று மணிக்குள் கரி ஆறி, இரண்டு சாக்கு நிறைந்தது. அப்போதே காற்று மாறிவிட்டது. கிழக்கே நரிக்குடிப் பக்கம் வானம் கரிச்சாக்கு நிறத்துக்கு வந்தது.

"தூக்கு" என்றான் மாரீஸ்வரன்.

போர்க்குழாயின் மோட்டார் அறைக்கு இருநூறு அடி. அவன் ஒரு சாக்கைத் தலையில் வைத்து ஓடினான். இன்னொன்றைத் தீபலட்சுமியும் பேச்சியும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கினார்கள். பாதி வழியில் முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது. தாவணி போட்ட வயதில்கூட அவள் அப்படி ஓடியதில்லை. சாக்கை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியபோது தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது.

இரண்டாம் மூட்டம் வெளியே புகைந்துகொண்டிருந்தது. வேக இன்னும் ஒரு நாள் வேண்டும். அதன்மேல் போட தார்ப்பாய் இருந்தது. ஆனால் எரிகிற மூட்டத்தின்மேல் தார்ப்பாயைப் போட முடியாது. மூன்று பேரும் கதவிடுக்கில் நின்று பார்த்தார்கள். மண் கரைந்து ஓரிடத்தில் உள்வாங்கியது. அந்த ஓட்டை வழியே சிவப்பு தெரிந்தது.

"காத்து உள்ள போயிருச்சு. இனி விட்டா சாம்பல்தான்" என்று மாரீஸ்வரன் மண்வெட்டியோடு மழையில் இறங்கினான். தீபலட்சுமியும் இறங்கினாள். இருவரும் மண்ணை விலக்க விலக்க, மழையே அதை அணைத்தது. ஒரு வாளி உப்புத் தண்ணீர்கூட அதில் விழவில்லை. அளந்து வைத்திருந்த வாளிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன.

அவள் அந்தச் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். பேச்சி மோட்டார் அறை வாசலில் நின்று மழையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு தீபலட்சுமியைப் பார்த்ததும் கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

"கும்பிடுங்கக்கா" என்றாள் தீபலட்சுமி. "வந்துருச்சுல்ல."

மழை விட்ட பிறகு, அணைந்து கிடந்த இரண்டாம் மூட்டத்தில் நன்றாக வெந்த துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். வேண்டாத கரியை எதற்கு எடுக்கிறாள் என்று மாரீஸ்வரன் கேட்டான். அவளுக்கும் அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் தெரிந்தது. ஒரே காடு, ஒரே மரம், ஒரே ஆள், ஒரே வாரம். ஒன்றில் போர்த் தண்ணீர், ஒன்றில் மழைத் தண்ணீர். தண்ணீர்தான் காரணம் என்றால் இந்த இரண்டும் பிரிந்து நிற்க வேண்டும். பிரியாவிட்டால் அவளுக்குச் சொல்ல ஒன்றுமே மிஞ்சாது.

இரண்டு பையிலும் எண் மட்டும் எழுதி, எது எதுவென்று சொல்லாமல் பக்கத்து மேசை ஆய்வு மாணவி சத்யபிரியாவிடம் அளக்கக் கொடுத்தாள். தன் கையை அவள் அப்போது நம்பவில்லை. அளவு வருகிற வரை தாழ்வாரத்தில் நடந்தாள். உலை அறைக் கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

நாற்பத்தோராம் நாள் காலை சத்யபிரியா தாளைக் கொண்டுவந்து வைத்தாள். மழையில் அணைந்த கரி: நானூற்று நாற்பது சதுர மீட்டர். பதினொரு செண்ட்டுக்குச் சற்றுக் குறைவு. உப்புத் தண்ணீரில் அணைந்த கரி: ஆயிரத்து அறுபத்து மூன்று.

ரேணுகாதேவி இரண்டு எண்களையும் பார்த்தார். "நீ போன வருஷம் எழுதினது சரி" என்றார். "ஆனா ஏன்னு எழுதினது தப்பு. மரம் காரணமில்லை. தலைப்பிலயிருந்து கருவேலத்தை எடுக்கணும். நாலாவது அத்தியாயம் முழுசா மாத்தி எழுதணும்."

"உப்பைத் தண்ணியில கலந்து எங்க வேணும்னாலும் செய்யலாம்னு சொல்வாங்க மேடம். இதுல புதுசா என்ன இருக்குன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். கேட்டா பதில் இருக்குல்ல இப்ப."

மூன்றாவதாக ஒரு மூட்டம் போட இன்னும் நாள் இருந்தது. அன்று மாலை ஊருக்குப் போன் செய்தாள். எடுத்ததும் பின்னால் தவளைச் சத்தம் கேட்டது.

"மச்சான், இருபத்தாறேகால் செண்ட் வந்துருக்கு."

"மொதல்ல இருபத்தேழுன்ன?"

"முக்கா செண்ட் கொறையுது."

"வண்டிப்பாதைக்கு விட்ருப்பாக" என்றான். பிறகு, "பேச்சி கேக்குறா, அவ ஊத்துன பதினோரு கொடம் வீணாப் போயிருச்சான்னு."

"போகலைன்னு சொல்லுங்க. அத ஊத்தலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது." கையோடு கேட்டாள்: "இன்னும் ஒரு மூட்டம் வேணும் மச்சான்."

"வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு. பத்து நாளு வெயில் அடிச்சாத்தான் காயும். அதுவும் அடிக்கணும்."

"எனக்குப் பத்தொம்பது நாள் இருக்கு."

"பாப்போம்" என்றான். போனை வைத்தான்.

அவள் நோட்டைத் திறந்து, இடப்பக்கத்தில் போர்க்குழாயின் ஆழம், தண்ணீரின் உப்பு அளவு, ஊற்றிய வாளிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதினாள். ஆடு நக்கியதையும் எழுதினாள். பிறகு வலப்பக்கத்துக்குப் போய் ஒரு வரி விடாமல் அதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்ததும் அறையைப் பூட்டிக்கொண்டு படியிறங்கினாள். வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். கிழக்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. கம்புக்கு இன்னொரு மழை வேண்டும் என்று மாரீஸ்வரன் சொல்லியிருந்தான். அவள் எதையும் வேண்டிக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு படியேறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.